தம்பிக்கு, வான்கோழி விஷயமாக

ஹண்டிங்டன், பென்சில்வேனியா
ஞாயிறு, மே 18, 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடி ஏறும்போது உன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறுகிறாள். நீ சௌக்கியமா என்று கேட்டால் "ஐயாம் ஓகேப்பா" என்று வரும். அதனால் கேட்கவில்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பார்த்தேன். உனக்கு வேலை இருந்திருக்கும். தமிழில் எழுதினால் படிக்க நேரமாகும் என்று அக்கா சொன்னாள். ஆகட்டும், மெதுவாகப் படி. ஏழு வருஷம் ஞாயிறு காலையில் உன்னைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், பனியில் ஹோண்டா பள்ளத்தில் இறங்கிய அன்றும்கூட.

சேதி இதுதான். நேற்றுக் காலை ஏழே முக்காலுக்கு ரோத்ராக் காட்டில் நான் ஒரு வான்கோழி சுட்டேன்.

நீ நம்ப மாட்டாய். நாம் ட்ராக்டர் தாத்தா என்று கூப்பிடுகிற பெரியவர் பக்கத்திலேயே இருந்தார், அவருக்கே நம்ப ஒரு நிமிஷம் ஆனது. 64 வயதில் இது எதற்கு என்று அம்மா கேட்டதையே நீயும் கேட்பாய். ரிட்டயர் ஆகி ஆறு மாசம் ஆகிறது. காலை நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. போனைப் பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பிப்ரவரியில் தாத்தா வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது, "நாலு மணிக்கு எழுந்திருக்கிற ஆள் வீட்டில் கிடந்து என்ன செய்கிறாய், வசந்தத்தில் என்னோடு காட்டுக்கு வா" என்றார். அவருக்கு 81 ஆகிறது. அவர் பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று மூலையில் இருக்கிறார்கள், யாரும் வருவதில்லை. நான் சரி என்றேன்.

எந்த வயதானாலும் முதல் தடவை லைசென்ஸ் வாங்குகிறவர் இங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தாக வேண்டும். மார்ச்சில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாலு ராத்திரியில் முடித்தேன். பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான் தப்பு. சர்டிஃபிகேட்டை அப்போதே படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பரவாயில்லை. துப்பாக்கி நம் வீட்டுக்கு வராது என்று சொல்லித்தான் அம்மாவிடம் சம்மதம் வாங்கினேன். தாத்தாவுடைய 20 கேஜ் ஷாட்கன் அது, அவர் வீட்டிலேயே பூட்டில் இருக்கிறது. நீ கவலைப்படாதே.

அது இருக்கட்டும். என்னோடு ஆபீஸில் இருந்தாரே லான்காஸ்டர்க்காரர், அவர் மகன் திடீரென்று வேலையை விட்டுவிட்டானாம். காரணம் அவனுக்கு இருக்கும். ஆனால் இன்சூரன்ஸைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டான். வேலை வழியாக இருந்த இன்சூரன்ஸ் நின்றால் 60 நாளுக்குள் பழையதைத் தொடர வேண்டும், இல்லையென்றால் மார்க்கெட்ப்ளேஸ் என்கிற அரசாங்க இன்சூரன்ஸ் சந்தையில் புதிதாக எடுக்க வேண்டும். தாண்டினால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான். பொதுவாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது உதவும்.

வசந்த வேட்டை எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். தாடி உள்ள பறவையை மட்டும்தான் சுடலாம். நெஞ்சிலிருந்து குதிரைவால் மயிர் மாதிரி தொங்கும், அதைத்தான் தாடி என்கிறார்கள். பெட்டைகள் முட்டை வைத்து அடை காக்கிற சமயம், அதனால்தான் இந்த ஏற்பாடு. முதல் இரண்டு வாரம் மத்தியானம் 12 மணிக்கு மேல் சுடக்கூடாது. தேடிப் போய்ப் பதுங்கிச் சுடுவதும் கூடாது. ஒரு இடத்தில் உட்கார்ந்து கூப்பிட்டு வரவழைக்க வேண்டும். இந்த மாநிலத்தில் அது சட்டம்.

சேவல் விடியும் முன் மரக்கிளையில் இருந்தபடியே கத்தும். தொண்டைக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். காற்று இல்லாத காலையில் ஒரு மைல் தூரம் கேட்கும். பெட்டைகள் அந்தக் குரலைக் கேட்டுச் சேவல் இருக்கிற இடத்துக்குப் போகும், அதுதான் அவற்றின் வழக்கம். நாம் அதைத் தலைகீழாக்குகிறோம். பெட்டை மாதிரிக் குரல் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்து, சேவல் தன் வழக்கத்தை விட்டு நம்மிடம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஊர்த் தாத்தா கரிசல் காட்டில் பார்வைக் கவுதாரியைக் கூட்டில் வைத்து மற்றவற்றைக் கூப்பிட வைப்பாரே, அது ஞாபகம் வந்தது. அவர் கண்ணி வைத்துவிட்டு வேலி ஓரம் உட்கார்ந்தால் பீடிகூடப் பற்ற வைக்க மாட்டார்.

குரல் கொடுப்பதற்கு பாக்ஸ் கால் என்று ஒரு மரப்பெட்டி. கைக்குள் அடங்கும். மேலே திருகாணியில் சுழலுகிற மூடி. மூடியின் அடியில் சாக்பீஸ் தேய்த்துப் பெட்டி விளிம்பில் இழுத்தால் பெட்டைக்கோழி குரல் வரும். கராஜில் ஒரு மாசம் பழகினேன். கதவுக்கு எண்ணெய் போடுங்கள் என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். தாத்தா ஒரு நாள் கேட்டுவிட்டு, சத்தம் சரியாக வந்துவிட்டது, இனிமேல் பெட்டியைக் கீழே வைக்கப் பழகு என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

மே 3, சனிக்கிழமை, முதல் நாள். நாலு மணிக்குக் கிளம்பினோம். அம்மா பின்னிக் கொடுத்த சிவப்பு மஃப்ளரைத் தாத்தா காரிலேயே கழற்ற வைத்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலையில் இருக்கிற நிறங்கள், தூரத்தில் இருக்கிற வேறொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு உன் கழுத்து வான்கோழியாகத் தெரியும் என்றார். உட்கார்ந்தால் பேன்ட் மேலேறி வெள்ளை சாக்ஸ் தெரிந்தது, அதையும் மாற்றச் சொன்னார். தன்னுடைய பழுப்பு சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டு வந்திருந்தார். எனக்காக எடுத்து வைத்திருக்கிறார், தம்பி. சாய்கிற மரம் தோளைவிட அகலமாக இருக்க வேண்டும், பின்னாலிருந்து யாராவது சுட்டால் மரம் வாங்கிக்கொள்ளும். காட்டில் வேறு ஆள் வந்தால் கை ஆட்டக்கூடாது, கோழிக்குரல் கொடுக்கக்கூடாது, வாயைத் திறந்து சத்தமாகப் பேச வேண்டும்.

இருட்டு இருக்கும்போதே தாத்தா ஆந்தை மாதிரிக் கூவினார். எதிர்ச் சரிவிலிருந்து உடனே பதில் வந்தது. ஆந்தைக் குரல், இடி, கார்க் கதவு சாத்துகிற சத்தம், எது கேட்டாலும் இந்தக் காலத்தில் சேவலால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதாம். 200 கஜம்கூட இருக்காது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது காதில் கேட்டது.

பெட்டியை எடுத்தேன். கூப்பிட்டேன், பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வந்தது. அதற்கு அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. தாத்தா பின்னாலிருந்து இரண்டு தடவை "ஷ்" என்றார். மரத்தைவிட்டு இறங்குகிற இறக்கைச் சத்தம் கேட்டது, ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. பத்தரை மணி வரை உட்கார்ந்திருந்தோம். கால் மரத்துப்போய் எழுந்திருக்க மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. இறங்கி வரும்போது சொன்னார்: "நீ விடாமல் கூப்பிட்டாய். இவ்வளவு ஆசையாக இருக்கிறவள் தானே வருவாள் என்று அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பிறகு வேறு கோழிகளோடு போய்விட்டது."

அன்று ராத்திரி போனை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மேலே நாலு ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருக்கிறேன், அது சரியில்லை. ஏப்ரலில் மட்டும் உன்னை 31 தடவை கூப்பிட்டிருக்கிறேன். சில நாள் மூன்று தடவை. நீ மீட்டிங்கில் இருப்பாய் என்று தெரிந்த நேரத்திலும் கூப்பிட்டிருக்கிறேன்.

உண்ணி விஷயம் ஒன்று. இங்கே உண்ணிக் கடியால் லைம் காய்ச்சல் நிறைய. காட்டுக்குப் போகிற துணிக்கு பெர்மெத்ரின் அடித்துக் காய வைத்துத்தான் போடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்ப்பாள். முதல் வாரம் ஒன்று இருந்தது, எள்ளு மாதிரி. சாமணத்தால் எடுத்தாள். நீ மலை ஏறப் போனால் பார்த்துக்கொள். தனியாகப் போகாதே. பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மே 10. அன்று மூன்றே மூன்று தடவை கூப்பிட்டுப் பெட்டியை மடியில் வைத்தேன். அது சத்தமே போடாமல் பின்னாலிருந்து வந்தது. காய்ந்த இலை நொறுங்கியது, யாரோ மனிதர் நடக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்துவிட்டேன். "பட்" என்று ஒரே ஒரு எச்சரிக்கைச் சத்தம், ஓடிவிட்டது. அதற்கு மோப்பம் அவ்வளவாக இல்லை, ஆனால் கண் அப்படி. நான் முழுசாகத் திரும்புவதற்குள் பள்ளத்தைத் தாண்டியிருந்தது.

பிறகு மழை பிடித்தது. ஹெம்லாக் மரத்தடியில் ஒதுங்கினோம். அங்கே தரை வட்டமாகச் சமதளமாக இருந்தது. தாத்தா பூட்ஸ் முனையால் இலையைத் தள்ளினார். அடியில் மண் கறுப்பு. கரி சுட்ட இடம். இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் மொட்டையாக இருந்திருக்கிறது, தம்பி. க்ரீன்வுட் இரும்பு உலை பார்க்க உன்னை ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போனார்களே, அந்த மாதிரி உலைகளுக்குக் கரிக்காக மரம் முழுக்க வெட்டியிருக்கிறார்கள். மரம் போனதும் வான்கோழியும் போய்விட்டது, தெற்கே சில மலைகளில் மட்டும் கொஞ்சம் தப்பியது. மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷன்காரர்கள் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்களாம், நிலைக்கவில்லை. தீனி போட்டு வளர்ந்ததற்கு நரிக்குப் பயப்படத் தெரியவில்லை. பிறகு காட்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றை வலை போட்டுப் பிடித்து, இல்லாத மலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அவைதான் பெருகின. 1968இல்தான் இங்கே முதல் வசந்த வேட்டை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937 சட்டப்படி ஒரு மத்திய வரி இருக்கிறது, நான் வாங்கின ஐந்தாம் நம்பர் ரவைத் தோட்டா டப்பாவிலும் அது சேர்ந்திருக்கிறது. அந்தப் பணம் மாநிலங்களுக்குக் காட்டு உயிர்களுக்காகப் போகிறது. இதெல்லாம் எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. 1999இலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டே ஆபீஸுக்குப் போய் வந்திருக்கிறேன்.

பண்ணைக் கோழி விஷயம் வீட்டுக்கு வந்த பிறகும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. உன்னை சைக்கிளில் தெரு முனை தாண்ட விட்டதில்லை நான். இன்சூரன்ஸையும் விட மாட்டேன் என்று நினைக்கிறாய். இதை மட்டும் செய்துவிடு. ஒரு மணி நேர வேலை.

நேற்றுக்கு வருகிறேன்.

ஐந்து மணிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டோம். தாத்தா எனக்கு இருபது அடி பின்னால் வேறு மரத்தில். முன்னால் ஒரு டாக்வுட் வெள்ளையாகப் பூத்திருந்தது. தரை முழுக்க மேஆப்பிள் செடி, சின்னச் சின்னக் குடை விரித்த மாதிரி. சேவல் மரத்திலிருந்து இரண்டு தடவை கத்தியது. நான் மூன்று தடவை கூப்பிட்டேன். பெட்டியை வலது கை எட்டாத இடத்தில், இலை மேல் வைத்தேன். துப்பாக்கியை முழங்காலில் ஊன்றினேன். அதற்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. மூக்கின் மேல் கொசு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனது. போய்விட்டது, இனி வராது என்று பத்து தடவையாவது நினைத்திருப்பேன். பெட்டி அங்கேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. தாத்தாவும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் கேட்கவில்லை, நெஞ்சில் பட்டது. தவில் அடிக்கிற இடத்தில் தூரமாக நின்றால் வயிற்றில் அதிருமே, அந்த மாதிரி ஒரு "ம்ம்ம்". பிறகு லாரல் புதருக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நகர்ந்தது. தலை. உச்சி வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம், கழுத்துத் தொங்கல் ரத்தச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் ஏறி இறங்குகிறது. புதரை விட்டு வெளியே வந்ததும் வால் விரிந்தது. சூரியன் அதற்குப் பின்னால். இருபத்தைந்து தப்படி இருக்கும்.

தம்பி, நான் அதுவரை வான்கோழியைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஊரில் ஜின்னிங் மில் முற்றத்தில் கறுப்பாக, அழுக்காக ஒன்று திரியும். அதுதான் எனக்கு வான்கோழி. இதன் உடம்பில் ஒவ்வொரு இறகும் செம்புப் பாத்திரத்தை அப்போதுதான் புளி போட்டு விளக்கினது போல. திரும்பினால் செம்பு பச்சையாகிறது, இன்னும் கொஞ்சம் திரும்பினால் பொன். இரண்டு இறக்கையையும் தரையில் உரசிக்கொண்டு நடக்கிறது, இறக்கை நுனி இலையைக் கீறுகிற சத்தம் கேட்கிறது. மூன்று அடி வைத்து நிற்கும். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். மறுபடி மூன்று அடி. பாதம் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கிறது.

கான மயிலாட என்று என் வாய்க்குள்ளேயே வந்தது. சின்ன வயதிலிருந்து நாக்கில் ஏறின பாட்டு, தானாக வரும். பொல்லாச் சிறகு என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். எதிரே விரிந்திருந்தது பொல்லாச் சிறகு இல்லை.

2006 பொங்கல். நீ மறந்திருப்பாய் என்று 19 வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பேஸ்மென்ட்டில் கண்ணாடி முன்னால் மூன்று மாசம் ஆடிப் பழகினாய். மேலே சோபாவில் உட்கார்ந்தால் தரை அதிரும், நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அன்றைக்கு ஒரே ஒரு இடத்தில் தாளம் விட்டது, உடனே பிடித்துவிட்டாய். பன்னிரண்டரை வயது. சாப்பாட்டு வரிசையில் ஹாரிஸ்பர்க் மாமா "பையன் ஜோராக ஆடினானே" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் அந்தப் பாட்டை ஆரம்பித்தேன். பாதி வருவதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீ எனக்குப் பின்னால் காகிதத் தட்டோடு நின்றிருந்தாய். தட்டில் சர்க்கரைப் பொங்கல். கண்மை அழிக்கவில்லை. அந்தப் பாட்டை அதற்கு இரண்டு வாரம் முன்னால் நான்தான் உனக்குப் பதம் பிரித்துப் பொருள் சொல்லிக் கொடுத்திருந்தேன். உனக்குப் புரியாமல் இருக்க வழியே இல்லை.

கணக்கில் கவனம் வர வேண்டும் என்றுதான் சொன்னேன் என்று அம்மாவிடம் அன்றைக்குச் சாதித்தேன். பொய். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆண்பிள்ளை சலங்கை கட்டி ஆடுகிறான் என்று அந்த நாலு பேர் மனசுக்குள் சிரிப்பார்களோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னைக் கொடுத்து நான் தப்பித்தேன். நான் கண்ணால் பார்க்காத ஒரு பறவையை எடுத்து என் பிள்ளை மேல் எறிந்தேன். நீ காரில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சலங்கையை முறுக்கு டின்னில் போட்டு மூடினாய். ஒரு வாரம் கழித்து, இந்தப் பையனுக்கு எதிலும் நிலைப்பு இல்லை என்று அதற்கும் நான்தான் உன்னைத் திட்டினேன்.

இதையெல்லாம் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அங்கே தொண்டை அடைத்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் முழுசாக வந்தது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதை நான் சுட்டேன். வால் விரித்திருக்கும்போது கழுத்து உள்ளே இழுத்திருக்கும், அப்போது சுடக்கூடாது. தாத்தா வாயாலேயே மெல்ல ஒரு "க்ளக்" கொடுத்தார். வாலைச் சுருக்கிக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சுட்டேன். ஏன் சுட்டாய் என்று நீ கேட்டால், அதற்குத்தான் போயிருந்தேன். விழுந்த பிறகும் இறக்கை கொஞ்ச நேரம் அடித்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன், கை நடுங்கியது. தாத்தா மெதுவாக வந்து தொப்பியைக் கழற்றினார். என் கையைப் பிடித்து அதன் நெஞ்சில் வைத்தார். சூடாக இருந்தது. அசையாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு டேக் எழுதிக் காலில் கட்டினேன், அங்கேயே கட்டியாக வேண்டும். 19 பவுண்டு. குதிமுள் ஒரு அங்குலம். வால் இறகு 18, எண்ணினேன். விரித்து அட்டையில் ஊசி குத்தி, அடியில் போராக்ஸ் தூவி உன் அறையில் காய வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன், வாடை வராது.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். புடவையைச் செருகிக்கொண்டு கத்தியை வாங்கிவிட்டாள். இரைப்பையை அறுத்தால் உள்ளே ஓக் கொட்டை, வண்டு, பச்சை இலைத் துணுக்கு, பொடிக் கற்கள். பொடிக் கற்களைக் கழுவி ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை. நெஞ்சுக்கறியை மிளகு போட்டுச் சுக்கா செய்தாள். கடைக் கோழி மாதிரி இல்லை, கறுத்த கறி, நார் உண்டு, ருசி உண்டு. கால் கறி குக்கரில் பன்னிரண்டு விசில் வைத்தும் நரம்பு எலும்பு மாதிரி நின்றது. தாத்தாவுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினோம். உன் பங்கு ஃப்ரீஸரில் இருக்கிறது, மேல் தட்டில், தேதி ஒட்டி.

லான்காஸ்டர்க்காரர் மகன் வேலையில்தான் இருக்கிறான். அவனை எதற்கு இழுத்தேன் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். அக்காவைக் கோபிக்காதே. நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். மார்ச்சிலேயே வேலையை விட்டுவிட்டாய், திரும்ப ஆடப் போகிறாய் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஒரு வீடியோவும் காட்டினாள், 40 விநாடி. உன் முகம் இல்லை, பாதம் மட்டும். மரத்தரை. சுவர் ஓரம் ஒரு தண்ணீர் பாட்டில். திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னேன். நேற்று அந்தப் பறவை அடி வைத்ததைப் பார்த்தபோது அதுதான் கண்ணில் நின்றது. உனக்கு இதைச் சொன்னால் மறுபடி வான்கோழி என்கிறார் அப்பா என்று நினைத்துவிடுவாயோ என்று பயம். அப்படி இல்லை, தம்பி. அப்படி இல்லவே இல்லை.

மார்ச் என்றால் 60 நாள் முடிந்திருக்கும், அல்லது இந்த மாசத்துக்குள் முடியும். கடைசித் தேதி பார். பணம் வேண்டுமென்றால் நான் கட்டுகிறேன், கடனாக வைத்துக்கொள், வட்டி வேண்டாம். தனியாக இருக்கிறவன் காலை உடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி பில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆடுகிறவனுக்குக் கால் முக்கியம். முட்டியில் வலி வந்தால் பொறுத்துக்கொண்டு ஆடாதே, அம்மாவின் முட்டி உனக்கும் இருக்கும்.

இனி நான் கூப்பிடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். போன் சமையலறை மேஜையில், சத்தம் வைத்து இருக்கும். நாலு மணிக்கு நான் முழித்துத்தான் இருப்பேன், உங்கள் ஊரில் அப்போது ராத்திரி ஒரு மணி. அந்த நேரமென்றாலும் பரவாயில்லை.

அம்மா முறுக்கு டின்னைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள். நான் சொல்லவில்லை, தானாகவே செய்தாள். சலங்கை பச்சை பிடித்திருந்தது, புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தாள். தோல் பட்டை வெடித்துப்போயிருக்கிறது. அது சின்னப் பையன் காலுக்குத் தைத்தது, இப்போது உன் காலுக்குப் பற்றாது. மணிகள் ஒன்றுகூடக் குறையவில்லை, புதுப் பட்டையில் கோத்துக்கொள்ளலாம் என்கிறாள். குமிழ் சுற்றின தாளில் பொதிந்து பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டோம். நாளைக்குத் தபால் ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறக்கும். நீ அந்த அப்பார்ட்மென்ட்டில்தான் இருக்கிறாயா, மாறிவிட்டாயா என்று அக்காவுக்கும் தெரியவில்லை. பெட்டியின் மேல் உன் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே எழுத முகவரி அனுப்பு.

அன்புடன்,
அப்பா